அது கரடி இல்லை, பாறை

வெள்ளிமலையில் நானும் இருதயராஜும் பார்த்த கரடி, கரடி இல்லை. பாறை.

அதைக் கரடி என்று காட்டியவன் நான். பாறை என்று தெரிந்தேதான் காட்டினேன்.

போன மாசியிலிருந்து இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பாறையில் உங்களுக்கும் பங்கு உண்டு. இதே பக்கத்தில் அந்தக் கரடியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் மூச்சுச் சத்தம்கூடக் காதில் விழுந்தது என்று கடிதம் போட்டவர் நீங்கள்தானே? பாறை மூச்சு விட்டதைக் கேட்ட காது உங்களுடையது. உங்களைக் குறை சொல்லவில்லை... என் வர்ணனை அப்படி.

முதலில் இருதயராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். பூர்வீகம் களமருதூர்ப் பக்கம். கல்லூரியில் எனக்குப் பக்கத்து இருக்கை. நகைச்சுவை என்ற பெயரில் இத்தனை ஆண்டுகளாக நான் எழுதும் எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒன்றுக்குக்கூடச் சிரிக்காத ஒரே வாசகன். ஆகவே நான் மதிக்கும் ஒரே வாசகன்.

சர்க்கரை அவனுடைய வலக்கண்ணை வாங்கிக்கொண்டது. சத்தமே போடாமல் வாங்கிக்கொண்டது. ஒருநாள் கடையில் நட்டு கேட்டவரிடம் வாஷரை எடுத்து நீட்டினான். அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. இடக்கண்ணிலும் அதற்குள் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள்ளேயே ஊசி போடவேண்டும் என்றார்கள். போட்டால் பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஒரு தேதி கொடுத்தார்கள்.

தேதியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது கேட்டான்.

"சைக்கிள்ல ஒரு சுத்து போய்ட்டு வரலாமாடா? காட்டுப் பக்கமா?"

"கண்ணு இப்டி கீதே, காட்ல போயி இன்னாத்தப் பாப்ப?"

"பெருசா ஒண்ணு பாத்தா போதும். குருவி, பட்டாம்பூச்சில்லாம் வாணாம், அது எனுக்குத் தெரியாது. யானையோ கரடியோ... நடமாடற பெரிய உருப்படி ஒண்ணே ஒண்ணு. அத்த உள்ள வாங்கி வெச்சிக்கினேன்னா, அப்பறம் வெளக்க அணைச்சிட்டாலும் பரவால்ல."

அதைச் சொல்லிவிட்டு வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தான். எனக்கு உரித்துக் கொடுத்த கடலை பஸ் இறங்கும்வரை என் கையிலேயே இருந்தது.

அவன் மனைவி ஸ்டெல்லா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு நிபந்தனைகளோடு பேசினாள். பொழுது சாய்ந்தபின் சைக்கிள் ஓட்டக் கூடாது. பெரிய சாலையில் போகக் கூடாது. நான் முன்னால் போகவேண்டும், அவன் என்னைப் பார்த்துப் பின்னால் வரவேண்டும். அதற்காக அவளே எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள். பழுத்த பங்கனப்பள்ளி மஞ்சள். அதைப் போட்டுக்கொண்டு நான் வயலில் நின்றால் அந்தப் போகம் முழுக்கக் காக்கை அண்டாது.

"அண்ணா, ஒங்க கண்ண நம்பித்தான் அனுப்பறன்," என்றாள்.

"கவலப்படாதம்மா," என்றேன். எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள் அந்தச் சொல்!

தை பிறந்ததும் கிளம்பினோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர், இரண்டரைக் கண், நான்கு முழங்கால். அவற்றில் என்னுடைய இரண்டும் கணக்கில் சேராதவை. ஊர் ஊராக மிதித்து, சத்தியமங்கலம் வரை போனோம். காட்டுச் சாலையில் சைக்கிளை விடமாட்டோம் என்றார்கள் வனத்துறையினர். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம். யானைகள் கடக்கும் இடம் என்று எழுதிய பலகைகளைப் பார்த்தோம். பலகைகள் ஏராளம். யானைகளுக்கு எழுத்தறிவு இருந்திருந்தால் அங்கே கடந்திருக்கும். ஓரிடத்தில் ஆவி பறக்க யானை லத்தி கிடந்தது. இருதயராஜ் பஸ் நின்றதும் இறங்கிப் போய், குனிந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு வந்தான்.

"இது மட்டும் நல்லாத் தெரிஞ்சிதுடா," என்றான்.

மான்கள் வந்தன; நான் "தோ" என்பதற்குள் ஓடின. மலை அணில் கிளையில் கத்தியது. சத்தம் அவனுக்கு, அணில் எனக்கு. மயில்கள் தெரிந்தன, ஆனால் மயில் நம் ஊரிலேயே கடலைக் கொல்லையில் மேய்கிறது, அதற்கு எதற்குச் சைக்கிள்? அவன் குறை சொல்லவில்லை. மஞ்சளைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டே இருந்தான். பள்ளம் என்று நான் சொன்னால் பள்ளம். மேடு என்றால் மேடு. அந்த ஒரு மாதம் நான் சொன்ன எதையும் அவன் திருப்பிக் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் ஆத்தூர், கருமந்துறை, பிறகு கல்வராயன் மலை. வெள்ளிமலையில் இரண்டு இரவு தங்குவது, அங்கிருந்து மலைச்சாலையில் இறங்கினால் கச்சிராயபாளையம், அப்புறம் வீடு. பயணத்தின் வால் அது. பெரிய உருப்படி எதுவும் அதுவரை அகப்படவில்லை.

தங்கிய இடம் பச்சையம்மாள் வீட்டில் நெருக்கடியான ஒரு பின்னறை. அவர் சாலையோரம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம். சாமைச் சோற்றைப் போட்டுக்கொண்டே என் சட்டையைப் பார்த்து, "இன்னா சார், ராத்திரில லைட்டு போடாமயே சாப்பிடலாம்போல கீது," என்றார். இருதயராஜ் ஒரு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். நான் எழுதிய எதற்கும் சிரிக்காதவன்.

கரடி பற்றிச் சொன்னவரும் அவர்தான். அவருடைய நிலத்துக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் இலந்தைப் புதர். பழம் உதிரும் காலத்தில் விடியும்போது கரடி வரும். நிலத்தில் காவலுக்குக் கட்டிய பரண் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டால் தெரியும், ஆபத்தும் இல்லை.

"தெனம் வருமாம்மா?" என்று கேட்டான் இருதயராஜ்.

"அது இன்னா கவர்மெண்டு பஸ்ஸா? வரும். ஒரு நாளு வரும், ஒரு நாளு வராது. குந்திக்கினு இருந்தா வரும்."

முதல்நாள் விடியற்காலை குந்திக்கொண்டிருந்தோம். வரவில்லை. இரண்டாம் நாள், அதாவது நாங்கள் கிளம்பவேண்டிய நாள், மறுபடி பரணில் ஏறினோம். பனி ஓடைமேல் படுத்திருந்தது. புதருக்குக் கீழே கருப்பாக ஒரு பாறை. முந்தின நாள் வெயில் வந்தபின் அதை நான் நன்றாகப் பார்த்திருந்தேன். மேலே வெள்ளையாகப் பறவை எச்சம்கூட இருந்தது.

வெளிச்சம் வந்தது. கரடி வரவில்லை.

"எழுத்தாளரே, ஒண்ணு சொல்லட்டா?" என்றான். கிண்டலுக்கு அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "இன்னொரு நாளு இருந்து பாத்துட்டுப் போலாமா? ஊசிக்கு இன்னும் ஒரு வாரம் கீது."

புதரைப் பார்த்தேன். பிறகு... என் கை உயர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கைதான் முதலில் உயர்ந்தது. வாய் அதற்குப் பிறகுதான் சேர்ந்துகொண்டது.

"டேய். தோ... பொதருக்குக் கீழ. கருப்பா."

"எங்கடா?"

"என் வெரல் நேரா பாரு."

அவன் இடக்கண்ணைச் சுருக்கினான். கழுத்தை நீட்டினான். பனி நகர்ந்தது. பனி நகர்ந்தால் அதற்குப் பின்னால் இருப்பது நகர்வதுபோலத்தான் தெரியும். இயற்கையும் என் பக்கம் சாட்சி சொல்ல வந்துவிட்டது.

"அசையுதுடா..." என்றான். குரல் உள்ளே போய்விட்டது.

"தலைய குனிஞ்சி பழம் பொறுக்குது."

"எவ்ளோ பெருசு?"

"நம்ம கடை கல்லாப் பொட்டி ஒசரம் இருக்கும்."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மாதா கோயிலில் பூசையின்போது உட்காருவதுபோல உட்கார்ந்தான். அவன் கை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. ஒரு பாறை கலைந்து ஓடிவிடக் கூடாதே என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தோம். சிரிக்கத் தோன்றுகிறதல்லவா உங்களுக்கு? எனக்கும் தோன்றியது. அதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாதது... அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் பாருங்கள், பொய் சொல்பவனுக்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். கரடிக்குக் கால் உண்டு. பாறைக்கு இல்லை.

"போலாம்டா, நேரமாவுது," என்றேன்.

"அது போவட்டும். அது போனதும் நாமளும் போலாம்."

அது எப்படிப் போகும்?

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "போயிடுச்சிடா," என்றேன்.

"இல்லியே. இன்னும் தெரியுதே."

"எது?"

"அதான், கருப்பா."

"அது பாறைடா," என்றேன்.

அன்று காலை நான் சொன்ன ஒரே உண்மை.

அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு, "ஓ... பாறைக்குப் பக்கத்துல நின்னுக்கினு இருந்திச்சா," என்று தானே ஒரு வழி செய்துகொண்டான். எனக்கு வேலையே வைக்கவில்லை. ஒரு மாதமாக நான் பள்ளம் என்றால் பள்ளம், மேடு என்றால் மேடு அல்லவா அவனுக்கு?

கடைக்குத் திரும்பியதும் பச்சையம்மாளிடம் கைகளை விரித்துக் காட்டினான். இவ்ளோ பெருசு, கல்லாப் பொட்டி ஒசரம். அவர் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய நிலம் அது. அந்தப் பாறையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்.

"எந்தப் பக்கம் சார் நின்னுது?" என்றார்.

"பொதருக்குக் கீழ," என்றேன்.

"சரி," என்றார். தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு நாளு இருந்துட்டுப் போங்களேன். வாடகல்லாம் வாணாம். நாளிக்கு நல்லாவே பாத்துட்டுப் போலாம்," என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல், நான் திரும்பி வருவதற்குக் கதவை மட்டும் திறந்து வைத்தார். எவ்வளவு நாகரிகமான பெண்மணி! நான் அந்தக் கதவைச் சாத்தினேன். "ஊர்ல வேல கீதும்மா," என்றேன்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள்.

நண்பன் மேல் உள்ள இரக்கத்தால். பார்வை போகுமுன் அவன் மனம் நிறையட்டும் என்று... இப்படித்தான் எனக்கு நானே பல மாதம் சொல்லிக்கொண்டேன். நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இரக்கம் உள்ளவன் இன்னொரு நாள் உட்கார்ந்திருப்பான்.

முழங்கால் வலி என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை. சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து புண்ணான இடத்தைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் பரணில் உட்கார முழங்கால் தேவையில்லை.

உண்மை இது: அன்று மாலை கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் எனக்கு வரவேற்பு. வாசகர் வட்டத்து நண்பர்கள் ஏற்பாடு. சைக்கிளில் வலம்வந்த எழுத்தாளர் என்று என் படத்தைப் போட்டு பிளக்ஸ் அடித்திருந்தார்கள். முந்தின இரவே போனில் படம் அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்குத் தலைமுடி இன்னும் நிறைய இருந்தது. பொன்னாடை வாங்கியாகிவிட்டது, மேடை போட்டாகிவிட்டது, மைக்செட்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் ஒரு கட்சிக்காரர்களுக்கு அந்த இடம்.

ஒரு பொன்னாடைக்காக. அது கழுத்தில் குத்தும் ரகம். வீட்டில் இப்போது தையல் மிஷினை மூடியிருக்கிறது.

மலை இறங்கும்போது இருதயராஜ் பாடிக்கொண்டே வந்தான். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துப் பிடித்து என் விரல்கள் மரத்தன. அவன் குரல் மட்டும் மரக்கவில்லை. கோமுகி அணைத் தண்ணீர் வெயிலில் தகடுபோல் தெரிந்தபோது, "டேய், அது தண்ணிதான?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எனுக்கும் தெரியுது," என்றான். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று உராய்வதுபோல் போனது. இருதயராஜ் சைக்கிளை நிறுத்தி இறங்கி, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒரு மாசம் பத்திரமா கூட்டியாந்துட்ட," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. புழுதியாகவும் இருக்கலாம். புழுதி என்றே வைத்துக்கொண்டேன்.

மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் பேசினேன், கூட்டம் சிரித்தது. பிறகு அவனிடம் மைக்கைக் கொடுத்தார்கள். மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவன். "நான் கரடி பாத்தன்," என்றான். "இவன்தான் காட்னான்." அவ்வளவுதான். எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் அதற்குக் கிடைத்தது. கீழே முதல் வரிசையில் நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மறுநாள் காலை பச்சையம்மாள் போன் செய்தார்.

"சார், இன்னிக்கி வந்திச்சி சார். தாயும் குட்டியும். குட்டி முதுகுமேல குந்திக்கினு வருது. ஓடையத் தாண்டி நம்ம பரணுகிட்டயே வந்துட்டுப் போச்சி. வெயிலு வர வரைக்கும் கீது. அந்த அண்ணங்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றன்மா," என்றேன்.

சொல்லவில்லை.

ஒரு நாள்... ஒரே ஒரு நாள் இருந்திருந்தால், அந்த அரைக் கண்ணுக்குள் ஒரு தாயும், அதன் முதுகில் ஒரு குட்டியும் போயிருக்கும். அவன் கேட்டதைவிட அதிகமாகவே போயிருக்கும். நான் அங்கே ஒரு பாறையை வைத்தேன். பிறகு உங்களுக்காக அதை வர்ணித்து எழுதினேன். அவன் அந்தப் பக்கத்தை வெட்டி, லேமினேட் செய்து, கடையில் ஆயில் டின்களுக்கு மேலே மாட்டியிருக்கிறான். பிஸ்டன் ரிங் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள்.

இனி நல்ல செய்தி. இந்த வாக்குமூலத்தில் நல்ல செய்தியும் உண்டு, அதுதான் என்னை எழுத வைத்தது.

ஊசி வேலை செய்தது. ஒரேயடியாக இல்லை, மெதுவாக, கஞ்சத்தனமாக. வலக்கண் போனது போனதுதான். இடக்கண்ணில் பனி நின்றது, பிறகு கொஞ்சம் பின்வாங்கியது. இப்போது வாஷரும் நட்டும் தெரிகிறது. பஸ் வரும்போது பலகையைச் சத்தமாகப் படிக்கிறான்: சங்கராபுரம், தியாகதுருகம், மூங்கில்துறைப்பட்டு... பக்கத்தில் நிற்பவர்கள் இவனை நேரக்காப்பாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். ஒரு பையை எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே மஞ்சள் சட்டை. பழுத்த பங்கனப்பள்ளி. அவன் அளவில்.

"மாசி வருதில்ல. வெள்ளிமல போலாம்," என்றான். "அதே எடம், அதே பரணு. அன்னிக்கி பாதி பனி. அத்த சரியாப் பாக்கணும். இந்த வாட்டி நான் முன்னால போறன், நீ பின்னால வா."

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன், நம்புங்கள். அப்போது ஒருவர் வந்து பேன்பெல்ட் கேட்டார். பேன்பெல்ட் எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்துக்குள் என் வாய் மூடிக்கொண்டது.

பச்சையம்மாளுக்குப் போன் செய்து கேட்டேன். கரடி இந்த ஆண்டும் வருகிறதாம். குட்டி வளர்ந்துவிட்டதாம், முதுகில் ஏறுவதில்லை, கூடவே நடக்கிறதாம். "பாறையும் அங்கியேதான் கீது சார்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆக, மாசியில் ஒரு விடியற்காலை அவன் பரணில் ஏறுவான். தன் சொந்தக் கண்ணால் புதருக்குக் கீழே பார்ப்பான். கரடி வரலாம், வராமலும் போகலாம். பாறை இருக்கும். நான் எத்தனை பக்கத்துக்கு வர்ணித்திருந்தாலும் அது பாறையாகவே இருக்கும்.

அதற்கு முன்னால் அவனுக்குத் தெரியவேண்டும். முகத்துக்கு நேரே சொல்லாமல் அச்சில் சொல்வது இன்னொரு கோழைத்தனம் இல்லையா? ஆமாம். ஆனால் என்னிடம் இருக்கும் தைரியம் எல்லாம் இந்த அளவுதான், பேனா அளவு. இதைப் படித்தபின் அந்த மஞ்சள் சட்டை எனக்கு முன்னால் மலை ஏறுமா, இல்லை ஸ்டெல்லாவை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போவானா... தெரியாது. எப்படியானாலும் அவன் போகவேண்டும். அந்தத் தாயும் குட்டியும் அவனுக்கு வந்து சேரவேண்டும். அதில் எனக்கு இடம் இருக்கிறதா என்பது அவன் பாடு.

பத்திரிகை வரும் நாள் மாலையில், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் பக்கத்தை ஸ்டெல்லா அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். இன்னும் சின்ன எழுத்து அவனுக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் தலைப்பை அவள் வாசிக்கக் கூடாது. சில மாதங்களாகத் தலைப்பு அவனுடைய பங்கு. தாளை இடக்கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, உரக்க, பெருமையோடு, அவனே படிக்கிறான்.

ஆசிரியரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். தலைப்பை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.